'ஆனா'வுக்குப் பொத்தான் இல்லை

நவம்பர் 12

முழங்கால் இன்று பரவாயில்லை. படியில் மூன்று தடவை ஏறி இறங்கினேன், மனைவி மார்லிஸ் கண்ணில் படாமல். பட்டிருந்தால் "அறுபத்துமூணு வயசுல ஒலிம்பிக்குக்குப் போறியா?" என்று ஆரம்பித்திருப்பாள்.

புது வேலை ஒத்துப்போகிறது. முப்பத்தொரு வருடம் பன்றித் தீவன லாரி ஓட்டியவன், இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, அயோவா மாநிலம் முழுக்க உள்ளவர்களின் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்கிறேன். தொலைபேசிக் கருத்துக்கணிப்பு. பிப்ரவரி ஒன்றாம் தேதி நாங்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி, ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக யார் வேண்டும் என்று சீட்டில் எழுதிப் போடுவோம். நாட்டிலேயே முதலில் சொல்வது நாங்கள்தான். அதனால் அதற்கு முந்தைய மூன்று மாதம் எங்களை யாரும் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. இந்த வருடம் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு.

விதிகள் சுலபம். திரையில் இருப்பதை இருக்கிறபடி படிக்க வேண்டும். "நல்லது" சொல்லக் கூடாது, "அப்படியா" கூடாது. வேலையில் இருக்கும்வரை எந்த வேட்பாளருக்காகவும் வெளியே பேசக் கூடாது. மேற்பார்வையாளர் ஆல்வின் முதல் நாளே சொல்லிவிட்டான்: "நீ ஒரு சுவர், வெர்லின். சுவர் தலையாட்டுமா?"

நவம்பர் 19

ஹார்லன் வந்தான். மார்லிஸின் அண்ணன். எங்கள் வட்டாரக் கூட்டத்தை இருபது வருடமாக நடத்துகிறவன், இந்த முறை செனட்டர் டால்டனின் ஆள். வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக டால்டன் பெயர் போட்ட பலகையைக் கொண்டுவந்து எங்கள் வாசல் புல்லில் குத்திவிட்டு, அப்புறம்தான் கதவைத் தட்டினான்.

"அடுத்த நவம்பர்ல, ஜனாதிபதித் தேர்தல்ல ஜெயிக்கக்கூடிய ஆள் டால்டன் ஒருத்தர்தான். மத்ததெல்லாம் வேடிக்கைக்கு. நீ டால்டன்தானே வெர்ல்?"

"பின்ன? வேற யாரு?" என்றேன்.

மார்லிஸ் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் எதிரில் அவள் அரசியல் பேசுவதில்லை, அப்பா காலத்துப் பழக்கம்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். எனக்குப் பிடித்தது ரூத் கேன்ட்ரெல். மேற்கே ஒரு மாநிலத்தில் ஆளுநராக இருந்தவள், அதற்கு முன் மாட்டு வைத்தியர். ஆகஸ்டில் எங்கள் தானியக் கூட்டுறவுக்கு வந்தபோது நான் வடிகால் குழாய் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு சொல்றேன்" என்றாள். மூன்று வாரம் கழித்துத் தபால் அட்டை வந்தது, அவள் கையெழுத்தில், எட்டு வரி. நான் எத்தனையோ வேட்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

ஆனால் அவள் ஜெயிக்க மாட்டாள். எல்லோரும் சொல்கிறார்கள். நாலு சதவீதம்.

நவம்பர் 20

போன இரண்டு முறையும் "ஜெயிக்கக்கூடியவர்" என்று சொன்னவருக்குத்தான் எழுதிப் போட்டேன். இரண்டு பேரும் நவம்பரில் தோற்றார்கள். இது ஏன் நேற்று ஹார்லனிடம் பேசும்போது ஞாபகம் வரவில்லை?

டிசம்பர் 3

ஒரு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"இன்றே கூட்டம் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்?" இதுதான் முதல் கேள்வி. அதற்கு வரும் பதில்: "எனக்குக் கேன்ட்ரெல்லைத்தான் பிடிச்சிருக்கு. ஆனா அவ ஜெயிக்க மாட்டாளே. டால்டன்னு போட்டுக்கங்க." இதையே ஒரு பண்ணைக்காரர் சொல்கிறார், மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண் சொல்கிறாள், பின்னால் நாய் குரைக்க ஒருத்தர் சொல்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள், சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியம். நான் டால்டன் பொத்தானை அழுத்துகிறேன்.

இந்த வாரம் ஒரு காகிதத்தில் கோடு போட்டு வைத்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, வெறும் கோடு. நூற்று நாற்பது பேரில் முப்பத்தெட்டு கோடு!

ஆல்வினிடம் கேட்டேன். "இவங்க சொல்ற அந்த 'ஆனா'வ எங்க பதியறது?"

திரையைப் பார்த்தான். ஏழு வேட்பாளர், ஏழு பொத்தான், எட்டாவது 'முடிவு செய்யவில்லை'.

"'ஆனா'வுக்குப் பொத்தான் இல்லப்பா. அவங்க கடைசியா என்ன சொல்றாங்களோ அதான் பதில்."

பிறகு என் காகிதத்தை வாங்கிக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டான். கோபமாக இல்லை, விதி அப்படி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டிசம்பர் 9

இன்று ஒரு அம்மா. குரலை வைத்துச் சொன்னால் எண்பதுக்கு மேல்.

"கேன்ட்ரெல் நல்ல பொண்ணுங்க. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா அவளுக்குத்தான் போட்டிருப்பார். ஆனா எங்க ஊர்ல யாரும் அவளுக்குப் போட மாட்டாங்களே. நான் ஒருத்தி போட்டு என்ன ஆகப்போகுது? யார போடலாம், நீங்களே சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாதும்மா. நீங்க சொல்றததான் நான் பதியணும்."

அவர் வீட்டுக் கடிகாரச் சத்தம் கேட்டது. என் விரல் கேன்ட்ரெல் பொத்தான் மேல் இருந்தது. பொய்யாகவா அழுத்தப் போகிறேன்? அவர் மனதில் இருப்பது அதுதானே? யாருக்குத் தெரியப்போகிறது?

"சரி, டால்டன்" என்றார்.

டால்டன் அழுத்தினேன். வேறு எதை அழுத்தியிருந்தாலும் அந்த அம்மாவுக்குப் பதிலாக நான் ஓட்டுப் போட்டது போல ஆகியிருக்கும். சரியாகத்தான் செய்தேன். அப்புறம் ஏன் மதியச் சாப்பாடு இறங்கவில்லை?

டிசம்பர் 14

கணிப்பு வெளியானது. கேன்ட்ரெல் நாலு. வேட்பாளர்களின் அடுத்த விவாத மேடையில் ஏற ஐந்து வேண்டுமாம். அவளுக்கு இடமில்லை.

கூட்டுறவின் காபி மேசையில் ஹார்லன் கையை விரித்தான்: "நான் சொன்னேன்ல? மேடைக்கே வர முடியல, ஜெயிக்கவா போறா?" மேசையில் ஆறு பேர், ஆறு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறது. ஜெயிக்க மாட்டாள் என்று நினைக்கிறார்கள், அதனால் எங்களிடம் அவள் பெயரைச் சொல்வதில்லை. சொல்லாததால் எண் ஏறவில்லை. எண்ணைப் பார்த்து, ஜெயிக்க மாட்டாள் என்கிறார்கள். நடுவில் பொத்தானை அழுத்திக்கொண்டு நான்.

டிசம்பர் 25

பனி. ஹார்லன் வீட்டில் பன்றித் தொடை, உருளைக்கிழங்கு. அரசியல் பேசக் கூடாது என்று மார்லிஸ் முன்கூட்டியே உத்தரவு போட்டதால் எல்லோரும் முழங்காலைப் பற்றி விசாரித்தார்கள். என் முழங்கால் இவ்வளவு பிரபலம் என்று தெரியாது.

ஜனவரி 7

இப்படியும் நடக்குமா?

இயந்திரம் எண்களைத் தானாகப் போடும், யார் எடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இன்று எழுந்து காபிக்குப் போகும்போது பக்கத்துத் தடுப்பில் கரீனின் திரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்!

கரீன் பக்கத்து மாவட்டத்துக்காரி, மார்லிஸைப் பார்த்ததே இல்லை. எல்லோரிடமும் பேசும் அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்கம்மா, அதப் பதிஞ்சுக்கறேன். அடுத்த கேள்வி..." எதை? எதைப் பதிந்தாய்? அவள் உடம்பு திரையை மறைத்துவிட்டது.

அழைப்பு முடிந்ததும் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்த்தாள், புரிந்துவிட்டது.

"கேக்காத வெர்லின்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"உன் மூஞ்சி கேக்குது. போய் உக்காரு."

ஜனவரி 8

நேற்று சாப்பிடும்போது மார்லிஸ் தானாகவே சொன்னாள்: "இன்னிக்கு ஒரு கணிப்புக்காரி கூப்பிட்டா. எவ்வளவு மரியாதையா பேசினா தெரியுமா? உன்ன மாதிரி உறுமல."

"ஓ" என்றேன்.

"அவ்வளவுதானா? 'ஓ'வா?"

கேட்கக் கூடாது என்பது விதி. மனைவியிடமும் கேட்கக் கூடாது என்று விதியில் இல்லை. ஆனால் கல்யாணமான இந்த முப்பத்தெட்டு வருடத்தில் யாருக்கு ஓட்டு என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. அடுத்தவன் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி அது. அவள் தன் அண்ணன் பக்கம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன், அவளும் என்னைப் பற்றி ஏதோ நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஜனவரி 17

கேன்ட்ரெல் இன்று வானொலியில்: அயோவாவில் முதல் மூன்று பேருக்குள் வராவிட்டால் பிப்ரவரி இரண்டாம் தேதி போட்டியை விட்டு விலகி ஊருக்குத் திரும்பிவிடுவாளாம். அழுகையும் இல்லை, வீறாப்பும் இல்லை. தபால் அட்டை எழுதிய அதே தோரணை. இப்போது அவள் ஐந்தாவது இடம்.

ஒவ்வொரு கூட்டத்திலும் சீட்டு எழுதுவதற்கு முன், ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து இரண்டு நிமிடம் பேசலாம். அவளுடைய அலுவலகத்தைக் கூப்பிட்டு, எங்கள் வட்டாரத்தில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

"யாரும் இல்லைங்க" என்றார்கள். "நீங்க பேசறீங்களா?"

ஜனவரி 18

வேலையை விட்டுவிட்டேன்.

ஆல்வின் கையைக் குலுக்கினான். "ஒரு பொத்தான்கூட தப்பா அழுத்தினதில்ல நீ. இங்க கேட்டத வெளிய சொல்ல மாட்டேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ." சொன்னேன். சொன்ன சொல் சொன்னதுதான். அந்த முப்பத்தெட்டு கோடும் என்னோடு மண்ணுக்குள் போகும். அப்படியானால் கூட்டத்தில் எதைத்தான் பேசுவது?

மார்லிஸிடம் சொன்னேன். கேன்ட்ரெல்லுக்காக எழுந்து பேசப் போகிறேன் என்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீயா? சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் சொல்லச் சொன்னாலே உனக்குத் தொண்டை அடைச்சுக்கும்."

"தெரியும்."

"கேன்ட்ரெல்லுக்கா?"

"ஆமா."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. வேறு என்னவோ. எனக்குப் பிடிபடவில்லை.

ஜனவரி 20

ஹார்லனுக்குச் செய்தி எட்டிவிட்டது. குளிர் மைனஸ் பதினைந்து, அதிலும் வந்து வாசலில் நின்றான்.

"யோவ் வெர்ல், என் தங்கச்சி வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கே குழி பறிக்கறியா? தோக்கப் போறவளுக்காக? உன் ஓட்டு வீண், உன் பேச்சக் கேட்டு நாலு பேரு போட்டா அதுவும் வீண்."

"போன ரெண்டு தடவ போட்டது வீணாகலையா ஹார்லன்?"

பலகையைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்று குனிந்து இழுத்தான். வரவில்லை. கம்பி இரண்டும் உறைந்த தரைக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. முகம் சிவக்க இன்னொரு இழு இழுத்தான்.

மார்லிஸ் கதவைத் திறந்து, "விடு, இடுப்புப் பிடிச்சுக்கும். ஏப்ரல்ல தானா வரும்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் காபிகூடக் குடிக்காமல் போனான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் காபி குடிக்காமல் போனதில்லை.

ஜனவரி 30

பேச்சு எழுதினேன். கிழித்தேன். எழுதினேன். அவள் நேர்மையானவள், அவள் உழைப்பாளி, அவளுக்கு வடிகால் குழாய் தெரியும் (இப்போது). எல்லாம் உண்மை, எதுவும் பிரயோஜனமில்லை. அவளைப் பிடிக்காமலா போட மாட்டேன் என்கிறார்கள்?

பிப்ரவரி 2, காலை

நேற்று ராத்திரி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம். எண்பத்தேழு பேர் வந்தார்கள், இரும்பு நாற்காலி போதவில்லை. பெண்கள் குழு வழக்கம்போல் பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் வைத்திருந்தது. மார்லிஸ், கூடத்தைப் பார்த்த சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், கரண்டியோடு. ஹார்லன் மேசையில், முன்னால் ஐஸ்கிரீம் வாளி. மூடியில் வெனிலா என்று போட்டிருக்கும் அதே வாளி, ஒவ்வொரு முறையும் சீட்டு விழுவது அதில்தான்.

டால்டனுக்காகப் பேசியவர் ஒன்றரை நிமிடத்தில் நாலு தடவை "ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள்" என்றார். கைதட்டல். பிறகு ஹார்லன் என்னைப் பார்க்காமல் என் பெயரைக் கூப்பிட்டான்.

எழுந்தேன். பேச்சு எழுதிய அட்டைகளை எடுத்தேன். எழுதியதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. மார்லிஸ் சொன்னது சரிதான். அத்தனை முகமும் என்னையே பார்க்க, என் வாயிலிருந்து தானாக வந்தது அந்தத் தொலைபேசிக் குரல்தான்.

"வணக்கம். ஒரே ஒரு கேள்விதான். ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகாது."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "சாப்பாட்டு நேரம், அப்புறம் கூப்பிடுங்க!" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு திரும்பியது. அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"கேள்வி இதுதான். இந்த மூணு மாசத்துல, 'எனக்குக் கேன்ட்ரெல்லப் பிடிச்சிருக்கு, ஆனா அவ ஜெயிக்க மாட்டா'ன்னு நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? இல்ல, மனசுக்குள்ள? நான் சொல்லியிருக்கேன். காபி மேசையில தலையும் ஆட்டியிருக்கேன். நீங்களும் சொல்லியிருந்தா கையத் தூக்குங்க."

என் கையைத் தூக்கினேன். நான் ஒருவன் மட்டும், கையைத் தூக்கிக்கொண்டு. சில்லி கொதிக்கும் சத்தம் கேட்டது. ஐயோ, முட்டாளே, என்னடா பண்ணிட்ட, என்று நினைத்தேன்.

அப்போது சமையலறை ஜன்னலில் ஒரு கரண்டி உயர்ந்தது.

மார்லிஸ். கரண்டியிலிருந்து சில்லி முழங்கை வரை வழிகிறது, அவள் இறக்கவில்லை. அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

பிறகு தபால்காரர். பிறகு பின்வரிசையில் பால் பண்ணைச் சகோதரர்கள் இருவரும். கைகள் மேலே போகப் போக, ஆட்கள் நாற்காலியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "நீயுமா?" என்று பக்கத்தில் கேட்டார்கள். "அடப்பாவி, நீயுமா?" கூடத்தில் பாதிக்கு மேல் கை. ஹார்லனின் கை காதருகே இருந்தது. சொறிந்தானா, தூக்கினானா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

"நேரம் முடிஞ்சது" என்றான், கரகரத்த குரலில்.

சீட்டுகளை அவனே எண்ணினான், சத்தமாக, ஒவ்வொன்றாக, ஒன்றைக்கூடக் குறைக்காமல். கேன்ட்ரெல் நாற்பத்துநாலு. டால்டன் இருபத்தொன்பது. மற்றவர்களுக்குப் பதினாலு.

வீட்டுக்கு வரும் வழியில் மார்லிஸிடம் கேட்டேன். இனி விதி எதுவும் இல்லையே. "ஜனவரியில அந்தக் கணிப்புக்காரிகிட்ட என்ன சொன்ன?"

"டால்டன்னு சொன்னேன்."

"ஏன்?"

"நீ ஹார்லன்கிட்ட டால்டன்னு சொன்னியே. சரி, நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் எதுக்குன்னு... நான் ஒருத்தி போட்டு என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே கூட்டுறவுக் காபி. இரண்டு பேருக்கும் கேன்ட்ரெல், இரண்டு பேரும் சொன்னது டால்டன்! ஊரை எண்ணப் போனவன் வீட்டை எண்ணவில்லை. அவள் முதலில் சிரித்தாள், பிறகு நான். கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது.

இன்று காலை வானொலி: மாநிலம் முழுக்க டால்டன்தான் முதல். கேன்ட்ரெல் மூன்றாவது, நாலாவது ஆளைவிட எழுநூறு சொச்சம் ஓட்டு அதிகம். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்து ஓட்டுப் போடும் மாநிலத்துக்குப் போகிறாள்.

எங்கள் நாற்பத்துநாலு அந்த எழுநூறில் ஒரு மூலை. மற்ற மூலைகளில் யார் எந்தக் கரண்டியைத் தூக்கினார்களோ. தூக்கியிருக்கிறார்கள், அது மட்டும் நிச்சயம். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முழங்கால்கூட வலிக்கவில்லை.

பிப்ரவரி 5

கரீனிடமிருந்து குரல் செய்தி. "உன் கூட்டத்தப் பத்திக் கேள்விப்பட்டேன். நல்ல கேள்வி. ஆனா நடுநிலையான கேள்வி இல்ல. நீ இன்னும் இங்க இருந்திருந்தா ஆல்வின் உன்ன வேலைய விட்டுத் தூக்கியிருப்பான்."

ஹார்லன் வந்தான். காபி குடித்தான். இரண்டு கோப்பை. பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை, அது இன்னும் பனியில் நிற்கிறது.

பிப்ரவரி 11

சாப்பிட உட்கார்ந்ததும் தொலைபேசி. தேசிய அளவில் ஏதோ கணிப்பாம், எங்கிருந்தோ. நான் எழுவதற்குள் மார்லிஸ் எடுத்துவிட்டாள். ஒலிபெருக்கியை அழுத்தி மேசை நடுவில் வைத்தாள், வெண்ணெய்க்குப் பக்கத்தில்.

யாருக்கு ஆதரவு என்றது அந்தப் பெண் குரல்.

"கேன்ட்ரெல்."

யார் ஜெயிப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"அது எனக்கெப்படிம்மா தெரியும்? எண்ணி முடிச்சதும் நீயே சொல்லு."

வீட்டில் வாக்களிக்கும் வயதில் எத்தனை பேர்?

"ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்குக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "ரெண்டு பேரும் அவளுக்குத்தான். இந்தத் தடவ ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டோம்."